உண்ணி கடித்தால் என்ன செய்வது? வன்னியில் இருப்பவர்களுக்கும் கனடாவில் இருக்கும் உறவுகளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

போன ஆனி மாதம் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு ஸ்காபரோவில் இருந்து மச்சாள் அழைத்தாள். அங்கே மத்தியானம். "ரூஜ் பார்க்குக்குப் போயிட்டு இப்பதான் வந்தனாங்கள். சின்னவன்ரை முழங்காலுக்குப் பின்னாலை உண்ணி ஒண்டு கடிச்சபடி இருக்கு. லைம் வரும் எண்டு எல்லாரும் பயப்படுத்தினம். உங்கை மாட்டிலை புடுங்கிற மாதிரிப் புடுங்கலாமோ?"

பிடுங்கலாம், ஆனால் மாட்டில் பிடுங்குகிற மாதிரி வேண்டாம் என்று சொல்லி, செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். லைம் என்பது கனடாப் பக்கம் உண்ணி கடித்து வரும் ஒரு பக்டீரியா நோய், அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில்தான் கதை வேறு. ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் இருப்பவர்கள் யூடியூப்பில் லைம் நோய் பற்றிப் பார்த்துவிட்டு, உண்ணி கடித்த இடத்தில் வட்டமாகச் சிவந்திருக்கிறதா என்று தேடுகிறார்கள். வன்னியில் தேட வேண்டியது அது இல்லை. கறுப்பாக ஒரு சின்னப் பொருக்கு. அதைத் தேடத் தெரியாததால் எங்கள் சித்தப்பா ஒரு கிழமை காய்ச்சலோடு கிடந்தார். அந்தக் கதை பிறகு வரும்.

எந்தப் பூச்சி, எந்த நோய்

லைம் நோய்க்கு அந்தப் பெயர் வந்தது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள லைம் என்ற ஊரால். 1970களின் நடுவில் அங்கே பல பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் மூட்டு வீக்கம் வந்தபோதுதான் மருத்துவர்கள் இதைத் தனி நோயாகக் கவனித்தார்கள். காரணமான பக்டீரியாவை வில்லி பேர்க்டோர்ஃபர் என்ற விஞ்ஞானி 1981இல் உண்ணிக்குள் கண்டுபிடித்தார். பொரீலியா பேர்க்டோர்ஃபெரி என்ற அதன் பெயரில் அவர் பெயரும் இருக்கிறது. வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் இதைப் பரப்புவது கறுப்புக்கால் உண்ணி. ஐரோப்பாவில் அதன் உறவுக்கார உண்ணி ஒன்று. அந்தக் கறுப்புக்கால் உண்ணி எங்கள் காடுகளில் இல்லை. எங்கள் மாட்டிலும் நாயிலும் கிடப்பது வேறு இன உண்ணிகள். ஆகவே இரணைமடுப் பக்கம் உண்ணி கடித்த ஒருவர் லைம் நோயை நினைத்து நித்திரை இழக்கத் தேவையில்லை.

அவர் நினைக்க வேண்டியது உண்ணிக்காய்ச்சல். இந்தப் பெயரே ஆளைக் குழப்பும். எங்கள் பக்கம் உண்ணிக்காய்ச்சல் என்று சொல்வதில் முக்கியமான வகைக்கு மருத்துவத்தில் ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர். அதைப் பரப்புவது நாம் கண்ணால் பார்க்கும் உண்ணி இல்லை. பற்றைக்காட்டிலும் புல்லிலும் வாழும், உண்ணிக்கு உறவான ஒரு சிற்றுயிரின் குஞ்சு. மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். கடித்தால் வலிக்காது, தேடினால் தெரியாது. "எனக்கு உண்ணி ஒண்டும் கடிக்கேல்லை, பிறகெப்பிடி உண்ணிக்காய்ச்சல்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

உண்மையான உண்ணி பரப்பும் புள்ளிக்காய்ச்சல் வகையும் இலங்கையில் உண்டு. மலைநாட்டில் அதிகம். எலித் தெள்ளு பரப்பும் இன்னொரு வகையும் வடக்கில் இருக்கிறது. மூன்றுக்கும் மருந்து ஒன்றே என்பதால் வீட்டில் இருந்து வகை பிரிக்க மினக்கெட வேண்டாம். எலிக்காய்ச்சல் இவற்றில் சேராது. அது வயல் தண்ணீரில் கலந்த எலிச் சிறுநீரால் வருவது.

ஸ்க்ரப் டைபஸ் இந்தத் தீவுக்குப் புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எம்பிலிப்பிட்டியப் பக்கம் காட்டுப் பயிற்சியில் இருந்த படையினர் கூட்டமாக இதில் விழுந்தார்கள். இந்தப் பூச்சிக்கு அடர்ந்த காட்டைவிடப் பிடித்த இடம், ஒரு காலத்தில் பயிர் செய்து பிறகு கைவிட்டுப் பற்றை மூடிய நிலம். வன்னியில் அப்படிப்பட்ட காணி எத்தனை என்று நான் சொல்லத் தேவையில்லை. 2009க்குப் பிறகு திரும்பி வந்து வளவு துப்புரவாக்கிய எவருக்கும் தெரியும்.

காட்டுக்கும் வயலுக்கும் போகும்போது

உண்ணி பாயாது, பறக்காது. புல் நுனியில் பின்கால்களால் பிடித்துக்கொண்டு முன்கால்களை நீட்டியபடி காத்திருக்கும். நாம் உரசிக்கொண்டு போகும்போது ஏறும். அந்தச் சின்னப் பூச்சிக் குஞ்சும் அப்படித்தான், நிலத்தோடு ஒட்டிய புல்லில் இருந்து ஏறி, இறுக்கமான ஏதாவது தடுக்கும் இடம் வரை போகும். அதனால்தான் கடி பெரும்பாலும் சாரக்கட்டு, அரைஞாண் கயிறு, உள்ளாடை விளிம்பு, அக்குள், கவட்டுப் பக்கங்களில் இருக்கிறது.

எனவே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விறகுக்குப் போவதுதான் நாம் செய்யும் மிக மோசமான வேலை. நீளக் காற்சட்டை, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகி, மூடிய சப்பாத்து. மேலே நீளக் கை சட்டை, உள்ளே செருகியபடி. வெளிர் நிறமாக இருந்தால் ஊரும் உண்ணி கண்ணில் படும். இந்த வெயிலில் யார் இப்படிப் போவார் என்று கேட்பீர்கள். முழுநாள் வரம்பில் நிற்பவரிடம் நானும் இதைச் சொல்ல மாட்டேன். பற்றை வெட்டும் நாளிலும், தேனுக்கோ விறகுக்கோ காட்டுக்குள் இறங்கும் நாளிலுமாவது செய்யுங்கள்.

தோலில் பூச டீட் என்ற மருந்து 20 முதல் 30 வீதம் உள்ள நுளம்புப் பூச்சு நல்லது. உண்ணியையும் விரட்டும். மூடாத இடங்களிலும் காலுறை, காற்சட்டை விளிம்புகளிலும் பூசுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கும் கையிலும் முகத்திலும் பூசாதீர்கள், கண்ணிலும் வாயிலும் தடவிவிடுவார்கள்.

பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகள் மரத்தடியில் அப்படியே குந்திவிடுவார்கள். மடுத் திருவிழாவுக்குக் காட்டுக்குள் கொட்டில் போடுபவர்களும் கதிர்காமத்துக்கு நடந்து போகும் சாமிமாரும் வெறும் புல்லில் துண்டை விரித்துப் படுப்பார்கள். கீழே ஒரு தறப்பாள் விரித்தாலே ஆபத்துப் பெருமளவு குறைந்துவிடும். இன்னொன்று, யாரும் யோசிக்காதது: குளத்தில் குளிக்கும்போது களைந்த உடுப்பைப் பற்றையில் போடுவது. குளித்து முடித்துப் பூச்சியோடு சேர்த்து உடுத்திக்கொண்டு வருகிறோம். சைக்கிள் காண்டிலில் போடுங்கள், அல்லது வெறும் கல்லில்.

பற்றை வெட்டப் போகும் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதுதானா என்று உறுதி செய்யாமல் கத்தியை எடுக்காதீர்கள். உண்ணிக்கு மருந்து இருக்கிறது.

வீட்டுக்கு வந்தவுடன்

உடுப்பை வாசலுக்கு வெளியே களைந்து நேரே சுடுதண்ணீரில் போடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். ஊர்ந்து திரியும் பூச்சிகள் அதிலேயே போய்விடும். பிறகு நல்ல வெளிச்சத்தில் உடம்பைப் பாருங்கள்: காதின் பின்புறம், பிடரி மயிரோரம், அக்குள், தொப்புள், இடுப்பு, கவடு, முழங்காலின் பின்பக்கம், கால் விரலிடுக்கு. பிள்ளைகளின் தலையை விரலால் கோதிப் பாருங்கள். முதுகை நீங்களே பார்க்க முடியாது, வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காலில் மிளகாய் விதை கொட்டியது போல உண்ணிக் குஞ்சுகள் கூட்டமாக ஏறியிருந்தால் ஒவ்வொன்றாகப் பிடிக்க முடியாது. கடிக்கத் தொடங்குவதற்கு முன் என்றால் ஒட்டும் டேப்பை அழுத்தி எடுங்கள், சேர்ந்து வந்துவிடும்.

கடித்தபடி இருக்கும் உண்ணியைக் கழற்றுவது

எங்கள் ஊர்களில் இதற்குப் பல வைத்தியம் உண்டு. சுருட்டுத் தணலால் சுடுவது, மண்ணெண்ணெய் விடுவது, சுண்ணாம்பு அப்புவது, புகையிலைச் சாறு. நானும் சின்ன வயதில் மண்ணெண்ணெய் விட்டவன்தான். இவை எல்லாம் பிழை. சூடும் எரிச்சலும் பட்ட உண்ணி தன் எச்சிலையும் வயிற்றில் உள்ளதையும் நமக்குள் கக்கலாம். நோய்க்கிருமி இருப்பது அங்கேதான்.

சரியான முறை இது.

1. நுனி கூரான சின்னச் சாமணம் ஒன்று எடுங்கள். ஃபார்மசியில் ட்வீசர் என்று கேட்டால் தருவார்கள். அது இல்லாவிட்டால் விரலைப் பொலித்தீனால் சுற்றிக்கொள்ளுங்கள். வெறும் நகத்தால் வேண்டாம்.
2. உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல், தோலோடு ஒட்டி, அதன் வாய்ப்பகுதியைப் பிடியுங்கள். மாட்டில் பிடுங்கும்போது நாம் வயிற்றைத்தான் பிடிக்கிறோம். மச்சாளிடம் நான் வேண்டாம் என்று சொன்னது அதைத்தான்.
3. திருகாமல், வெட்டி இழுக்காமல், ஒரே சீராக நேர் மேலே இழுங்கள். அதன் வாயில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பொறுமையாக இழுத்தால் விட்டுவிடும்.
4. வாயின் துண்டு உள்ளே முறிந்து நின்றால் சாமணத்தால் ஒரு முறை முயன்று பாருங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஊசியால் கிண்டிக் காயத்தைப் பெரிதாக்க வேண்டாம். தோல் தானே வெளியே தள்ளும்.
5. கடித்த இடத்தையும் கையையும் சவர்க்காரத்தால் கழுவி, ஸ்பிரிட் அல்லது டெற்றோல் தடவுங்கள்.
6. உண்ணியை நசுக்காதீர்கள். ஒரு சின்னப் போத்தலில் போட்டு மூடி, திகதியை எழுதி வையுங்கள். படமும் எடுத்து வைக்கலாம்.

அடுத்த சில நாள் கடித்த இடம் கொஞ்சம் சிவந்து அரிக்கும். அது எச்சிலின் ஒவ்வாமை, நோய் அல்ல.

காதுக்குள் உண்ணி போவது தனி விஷயம். இலங்கையில் காது மூக்கு தொண்டை கிளினிக்குகளில் இது அடிக்கடி பார்க்கும் சமாச்சாரம், பிள்ளைகளில் அதிகம். திடீரென்று காதுக்குள் தாங்க முடியாத வலி, இரைச்சல், ஏதோ ஊர்வது போன்ற உணர்வு. தீக்குச்சி, காதுக் குறும்பி எடுக்கும் குச்சி, காய்ச்சிய எண்ணெய் எதுவும் வேண்டாம். செவிப்பறைக்குப் பக்கத்தில் கவ்விக்கொண்டிருக்கும் உண்ணியைக் கிண்டினால் செவிப்பறைதான் போகும். ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மரக்கச் செய்து கழற்றுவார்கள். சிலருக்கு அந்தப் பக்க முகம் கொஞ்ச நாள் கோணுவதும் உண்டு. அதையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அடுத்த மூன்று வாரம்

உண்ணி கடித்தது என்பதற்காக உடனே குளிசை போடத் தேவையில்லை. காலண்டரில் அந்தத் திகதியைக் குறித்து வையுங்கள். ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் கடித்து 6 முதல் 21 நாளுக்குள் வரும், பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு நாளில். கடுமையான காய்ச்சல், தலையிடி, உடம்பு அடித்துப்போட்டது போன்ற நோவு, கண் சிவப்பு, கவட்டிலோ அக்குளிலோ நெறி கட்டுதல், சிலருக்கு இருமல். டெங்கு போலவே இருக்கும், இரத்தத்தில் பிளேட்லெட்டும் குறையலாம்.

வேறுபடுத்திக் காட்டுவது அந்தப் பொருக்கு. முதலில் சின்னப் பருவாக வந்து, புண்ணாகி, நடுவில் கறுத்துக் காய்ந்து, ஓரம் சிவந்திருக்கும். சுருட்டுத் தணல் பட்ட காயம் போல. வலிக்காது, அரிக்காது. அதனால்தான் நோயாளிக்கே தெரியாது. எல்லாருக்கும் அது வருவதில்லை, ஆனால் தேடாமல் இல்லை என்று சொல்லக் கூடாது.

எங்கள் சித்தப்பாவுக்கு நடந்தது இதுதான். பட்டி மாட்டைத் தேடி இரண்டு நாள் காட்டுக்குள் திரிந்தவர். பத்து நாள் கழித்துக் காய்ச்சல். ஓர் இடத்தில் வைரஸ் காய்ச்சல் என்று அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள். காட்டுக்குள் போனதை அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அமொக்சிசிலின் உண்ணிக்காய்ச்சலுக்குத் துளியும் வேலை செய்யாது. அந்தக் கிருமி நம் கலங்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வது. ஏழாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியபின் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு இளம் டொக்டர் பிள்ளை, "ஐயா, காட்டுப் பக்கம் போனனீங்களோ?" என்று கேட்டாள். பிறகு சாரத்தைத் தளர்த்தச் சொன்னாள். மனுசன் வெட்கத்தில் மறுத்து, சித்தி அதட்டிய பிறகுதான் தளர்த்தினார். கவட்டுக்குள் கறுப்பாக இருந்தது. உண்ணிக்காய்ச்சலுக்கான டொக்சிசைக்ளின் என்ற மருந்தைத் தொடங்கி இரண்டாம் இரவே காய்ச்சல் விட்டது.

ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது, என்ன மருந்து

காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் போங்கள். போகும்போது மூன்று விஷயத்தைக் கேட்காமலே சொல்லுங்கள்: எந்தத் திகதியில் எந்தப் பற்றைக்குள் போனீர்கள், உண்ணி கடித்ததா, உடம்பில் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா. கூச்சமான இடத்தில் இருந்தாலும் காட்டுங்கள். அதுவரை காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை அஸ்பிரின், ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனக் எதுவும் வேண்டாம்.

இரத்தப் பரிசோதனையை நம்பிக் காத்திருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வைல் ஃபீலிக்ஸ் என்ற பழைய பரிசோதனை முதல் கிழமையில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. அதைவிடத் துல்லியமான பரிசோதனைகளின் முடிவு வர நாளாகும். ஆகவே அனுபவமுள்ள வைத்தியர் சந்தேகத்திலேயே மருந்தைத் தொடங்குவார். அது சரியான வழி.

வளர்ந்தவருக்கு வழக்கமாக டொக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏழு நாள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். பிள்ளைகளின் அளவை நிறையைப் பார்த்து வைத்தியர் சொல்வார். டொக்சிசைக்ளினை ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் தொண்டைக்குழாயைப் புண்ணாக்கும். பாலோடும் இரும்புச் சத்துக் குளிசையோடும் சேர்த்துப் போடாதீர்கள். வெயிலில் தோல் கறுத்து எரியும், வயலுக்குப் போனால் மூடிக்கொண்டு போங்கள். காய்ச்சல் விட்டது என்று மூன்றாம் நாளே நிறுத்தாதீர்கள்.

எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வயல்காரருக்குக் கிழமைக்கு ஒரு முறை கொடுப்பதும் இதே டொக்சிசைக்ளின்தான். அதில் மிச்சம் வீட்டில் கிடக்கும். காய்ச்சலுக்கு அதில் இரண்டைப் போட்டுப் பார்ப்பது நோயைத் தீர்க்காது, மறைக்கும்.

மூச்சு வாங்குதல், பேச்சுத் தடுமாறி ஆளை அடையாளம் தெரியாமல் போதல், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல் இருந்தால் ஓட்டோ தேடி நேரம் போக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நுரையீரலும் மூளையும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டால் உயிர் போகும் நோய் இது.

இலங்கையில் டைபஸ் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருப்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வரலாம். தண்டப்பணம் எழுத வருகிறார் என்று ஒளிய வேண்டாம்.

வளவும் மாடும் நாயும்

வீட்டைச் சுற்றிப் புல்லைக் கட்டையாக வெட்டி வையுங்கள். விறகுக் குவியலைச் சுவரோடு சேர்க்காமல் தள்ளி அடுக்குங்கள். ஸ்க்ரப் டைபஸ் பூச்சியின் குஞ்சுகள் எலியில் தொற்றி வாழ்பவை, அதனால் நெல்மூட்டைக்கு எலி வராமல் பார்ப்பதும் இதில் சேர்த்தி. மாட்டுக்கும் நாய்க்கும் கால்நடை வைத்தியர் சொல்லும் மருந்தை அவர் சொல்லும் அளவில் போடுங்கள். கையால் பிடுங்கினால் நகத்தில் வைத்து நசுக்காமல் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். மாட்டின் முதுகில் ஏறி நிற்கும் உண்ணிக்கொக்கு சும்மா பெயர் வாங்கவில்லை, அதைக் கல்லெறிந்து கலைக்காதீர்கள்.

கனடாவில் இருப்பவர்களுக்கு

கறுப்புக்கால் உண்ணியின் இளம் பருவம் கசகசா விதை அளவுதான். வசந்தத்தின் கடைசியிலும் கோடையிலும் அதுதான் அதிகம் கடிக்கும். கழற்றும் முறை மேலே சொன்னதேதான். படம் எடுத்து ஈ-டிக் என்ற சேவைக்கு அனுப்பினால் என்ன இனம் என்று சொல்வார்கள்.

லைம் கிருமி உண்ணியின் வயிற்றில் இருந்து நமக்குள் வர நேரம் எடுக்கும். ஒரு நாளுக்குள் கழற்றிவிட்டால் ஆபத்து மிகக் குறைவு. அதற்கு மேல் ஒட்டியிருந்தால் (அமெரிக்க வழிகாட்டலில் 36 மணி நேரம்), கழற்றி 72 மணி நேரத்துக்குள் ஒரேயொரு முறை டொக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் போடலாம். பிள்ளைகளுக்கு நிறைக்கு ஏற்ற அளவு. ஒன்ராறியோவில் 2023 தை முதல் ஃபார்மசிஸ்டே இதை எழுதித் தரலாம், குடும்ப டொக்டருக்குக் காத்திருக்க வேண்டாம்.

பிறகு 30 நாள் பாருங்கள். கடித்த இடத்தில் 5 சென்ரிமீற்றருக்கு மேல் விரியும் தடிப்பு, பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு வரும். புத்தகப் படங்களில் வில்வித்தைப் பலகை போல வட்டம் வட்டமாகக் காட்டுவார்கள். அவை பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. எங்கள் தோலில் அது சிவப்பாகத் தெரியாமல் கன்றிப்போன நிறத்தில் இருக்கலாம், விரல் வைத்தால் சூடு தெரியும். தடிப்பு வந்தால் பரிசோதனை தேவையில்லை, முதல் வாரங்களில் பரிசோதனை பெரும்பாலும் நோய் இல்லை என்றே காட்டும். பார்த்தே மருந்து தொடங்குவார்கள்: டொக்சிசைக்ளின் பத்து நாள், அல்லது அமொக்சிசிலின் இரண்டு வாரம். ஆம், இங்கே உதவாத அமொக்சிசிலின் அங்கே உதவும். கவனிக்காமல் விட்டால் முகம் கோணுதல், இதயத் துடிப்புக் கோளாறு, மாதங்கள் கழித்து முழங்கால் வீக்கம் வரலாம். அந்தக் கட்டத்திலும் மருந்து உண்டு, நாள்தான் கூடும்.

மச்சாளின் மகனுக்கு உண்ணி ஏறியது அன்று காலையில்தான். மருந்து தேவைப்படவில்லை, அவள் முப்பது நாளும் முழங்காலை டோர்ச் அடித்துப் பார்த்தாள்.

வரும் ஆடி, ஆவணியில் அவர்கள் ஊருக்கு வருகிறார்கள். அப்படி வந்து போகிறவர்களுக்கு ஒன்று. வன்னியில் கடித்த பூச்சியின் காய்ச்சல் மூன்று வாரம் வரை தள்ளி வரும் என்பதால், ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகுதான் படுக்க நேரலாம். அங்குள்ள டொக்டர் மலேரியாவையும் டெங்குவையும் தேடுவார், இது அவருக்கு நினைவுக்கு வராமல் போகலாம். ஸ்க்ரப் டைபஸ் என்ற பெயரை ஒரு துண்டில் எழுதிப் பாஸ்போட்டுக்குள் வைத்துக்கொண்டு போங்கள், போனவுடன் அதைக் காட்டுங்கள்.